சிறையிலிருந்து வந்த சொல்

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும்போதெல்லாம் ஒரு சிறு நிகழ்ச்சியில் நாம் நின்றுவிடுவதுண்டு. சிறைத் தோழர் ஒருவர் விடுதலை பெற்று அரண்மனைக்குத் திரும்புகிறார். தம்மைப் பற்றி மன்னரிடம் எடுத்துரைக்குமாறு நபியவர்கள் அவரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். வெளியே சென்றவரோ மறந்துபோகிறார். அந்த மறதியின் விலையாக மேலும் சில ஆண்டுகள் அவர்கள் சிறையிலேயே கழிக்க நேர்கிறது. உள்ளே இருப்பவரின் சொல் வெளியே போய்ச் சேர இன்னொருவருடைய நா வேண்டும். அந்த நாவோ மறக்கக் கூடியது.

சென்ற நூற்றாண்டில் துருக்கி நாட்டுக் கைதி ஒருவர் தம் சொல்லைத் திரைப்படச் சுருளில் ஏற்றி வெளியே அனுப்பினார். அவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம். அரபுப் பாடம் நடத்துகிறவர்களுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். வேலை உண்டு என்றே கருதுகிறோம். ஒரு முஸ்லிம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அதன் அரசாணைகளைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது.

யில்மாஸ் குனே 1937ஆம் ஆண்டு அதனாவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் ஏழைக் குர்திய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முதற்சிறை 1961இல் வாய்த்தது. அவர் எழுதிய சிறுகதை ஒன்று பொதுவுடைமைப் பிரசாரம் எனக் குற்றம் சாட்டப்பட்டு, ஒன்றரை ஆண்டுத் தண்டனை பெற்றார். வெளிவந்தபின் நடிகரானார். அழகிய முகமன்று, ஆகவே மக்கள் அவருக்கு ‘அவலட்சண அரசர்’ என்று பட்டம் சூட்டினர். பட்டத்தில் இருந்தது பரிகாசமன்று, பாசம்.

1970இல் அவர் இயக்கிய ‘உமுத்’ (நம்பிக்கை என்பது பொருள்) ஒரு குதிரைவண்டிக்காரனின் கதை. மோட்டார் வண்டி மோதிக் குதிரை இறந்துபோகிறது. வழியற்றுப்போனவன் ஒரு ‘ஹோஜா’வின் பேச்சை நம்பிப் புதையல் தோண்டப் போகிறான். ஹோஜா என்றால் நம் பக்கத்து ஹஸ்ரத் போன்றவர். பார்க்கையில் நமக்குச் சற்று வலிக்கத்தான் செய்யும். எனினும் நம் ஊர்களில் பால்கிதாபு பார்த்துக் காசு பறிப்போரை அறிந்த நாம், இதனைப் பொய்யென்று எப்படிச் சொல்வது? அந்நாட்டுத் தணிக்கையாளர் படத்தைத் தடை செய்தனர்.

1971இல் இராணுவத்தினர் அரசாங்கத்தைப் பதவி விலகச் செய்தனர். மறு ஆண்டு, தேடப்பட்ட மாணவர்களுக்கு அடைக்கலம் தந்தார் என்று குனே மீண்டும் சிறை புகுந்தார். 1974இல் பொது மன்னிப்பில் வெளிவந்தார். அதே ஆண்டில் ஓர் உணவு விடுதியில் மூண்ட தகராறில் நீதிபதி ஒருவரைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காகப் 19 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதனை நாம் ஒரு வரியில் கடந்துபோக விரும்பவில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் பலர் அப்படித்தான் கடந்துபோகின்றனர். கொலையுண்டவரின் வாரிசுக்கே முதல் உரிமை என்று ஃபிக்ஹுப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். அந்த நீதிபதிக்கும் வீடு இருந்தது, காத்திருந்தோர் இருந்தனர். பின்னாளில் எடுத்த படங்களும் பெற்ற பரிசுகளும் அந்த இரத்தத்துக்கு ஈடாகா. ஆனால் அப்படங்களில் ஒலிப்பது குனேயின் வழக்கன்று. அவருடன் அடைபட்டிருந்த, பெயரில்லாத எளிய கைதிகளின் வாழ்க்கை அது. சொன்னவரின் பிழைக்காக அவர்களுடைய செய்தியைக் கேளாதிருப்பது நீதியா?

சிறையிலிருந்தபடியே அவர் படம் எடுத்த முறை வியப்புக்குரியது. காட்சி காட்சியாக விரிவான குறிப்புகளுடன் திரைக்கதை எழுதுவார். அதனை வெளியில் உள்ள நண்பர்கள் படமாக்குவர். இவ்வாறு ஸெகி ஓக்தன் இயக்கிய ‘சுரு’ 1978இல் வெளிவந்து, மறு ஆண்டு லொகார்னோ விழாவில் முதற்பரிசு பெற்றது. இஸ்தான்புல்லில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற இயக்குநர் எலியா கஸான் சிறைக்கே வந்து குனேயைக் கண்டு சென்றார்.

1980 செப்டம்பரில் இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. அந்தக் கடுமையான நாள்களில் உருவானதே ‘யோல்’, அதாவது ‘வழி’. முதலில் அவர் அதற்கு இட்டிருந்த பெயர் ‘பைராம்’. நம் வழக்கில் பெருநாள். படப்பிடிப்பைத் தொடங்கியவர் வேறொருவர். அது மனநிறைவு தராமற்போகவே ஷெரீப் கொரேன் என்பவர் பொறுப்பேற்று, 1981இல் இராணுவச் சட்டம் நடப்பிலிருக்கையில் படத்தை எடுத்து முடித்தார்.

இம்ராலித் தீவுச் சிறையிலிருந்து ஐந்து கைதிகள் ஒரு வாரப் பரோலில் ஊர் செல்லும் கதை அது. இம்ராலி என்றதும் மூத்த வாசகர்களுக்கு வேறொன்று நினைவு வரலாம். 1950இல் பாங்கை மீண்டும் அரபியில் ஒலிக்க வழிசெய்த பிரதமர் அத்னான் மெந்தெரஸ் 1961இல் தூக்கிலிடப்பட்டது அத்தீவில்தான்.

ஐவரில் இளையவன் பெயர் யூசுப். மனைவிக்கென்று ஒரு பறவையைக் கூண்டில் எடுத்துச் செல்கிறான். வழியில் பரோல் சீட்டு தொலைந்துபோகிறது. சோதனைச் சாவடியிலேயே அவன் பயணம் முடிந்துவிடுகிறது. இன்னொருவனுடைய மனைவி ஒழுக்கம் தவறினாள் என்று அவள் வீட்டாரே சங்கிலியிட்டுப் பூட்டி வைத்திருக்கின்றனர். அவளைக் கொல்வது கணவன் கடமை என்கிறது உறவு. பனிமலையில் அவளை அழைத்துச் செல்லும் அவன் மனம் இளகும்போது காலம் கடந்துவிடுகிறது. நான்கு சாட்சிகளைக் கேட்கும் ஷரீஅத், கணவன் கையில் கொலைவாளைக் கொடுக்கவில்லை. இது ஊர் வழக்கம். மார்க்கத்தின் பெயரால் அது உலவுவது துருக்கியில் மட்டுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். விடுப்பில் வந்தவர்களுக்கு வெளியுலகமும் சிறையாகவே இருக்கிறது. அச்சிறைக்குக் காவலர்களாகத் தந்தையரும் அண்ணன்மாரும் நிற்கின்றனர்.

1981 அக்டோபரில், இஸ்பார்தா சிறையில் இருந்த குனேவும் தம் கதைமாந்தரைப் போலவே விடுப்பில் வெளிவந்தார், திரும்பவில்லை. ஐரோப்பா சென்று, நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்ட நெகட்டிவ் சுருள்களைச் சுவிட்சர்லாந்தில் அமர்ந்து தொகுத்தார். 1982இல் கான் விழாவின் தங்கப் பனையை ‘யோல்’ வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. சிலி நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள்களில் காணாமற்போன ஒருவரைத் தேடும் படம் அது.

1983இல் துருக்கி அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவ்வாண்டே அங்காரா சிறைச் சிறுவர்களின் 1976ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை வைத்துப் பிரான்சில் ‘துவார்’ என்ற படத்தை எடுத்தார். ‘சுவர்’ என்று பொருள். அதுவே இறுதிப் படம். 1984 செப்டம்பரில் வயிற்றுப் புற்றுநோயால் பாரிஸில் காலமாகி, பெர் லஷேஸ் அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வயது 47.

‘யோல்’ அதன் சொந்த நாட்டுத் திரையரங்குகளுக்கு 1999இல்தான் வந்து சேர்ந்தது.