பேறுகாலத்துக்குப் பிந்திய சர்க்கரை: ஒரு பரிசோதனையின் வரலாறு

கர்ப்பகால நீரிழிவு, அதாவது கருவுற்றிருக்கும்போது முதன்முதலாகத் தென்படும் இரத்தச் சர்க்கரை மிகுதி, பிள்ளைப்பேற்றோடு மறைந்துவிடுவது என்றே பலரும் கருதினாலும், அதனை அளக்கும் முறை தொடக்கத்தில் தாயின் பிற்கால நோயை முன்னறியவே வகுக்கப்பட்டது; பாஸ்டனில் 1964இல் ஆய்வாளர்கள் ஓ'சுலிவனும் மஹானும் வெளியிட்ட எல்லைகள், பரிசோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளுள் எவருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது என்பதைக் கொண்டே சரிபார்க்கப்பட்டன.

அம்முறை வெறும் வயிற்றையும் பலமுறை இரத்தம் எடுப்பதையும் வேண்டியது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களிலிருந்து பேருந்தேறி வரும் கர்ப்பிணிக்கு அது எளிதன்று. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் முன்வைத்த ஒற்றைப் பரிசோதனை இத்தடையை நீக்கியது: உணவு உண்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, 2 மணி நேரத்துக்குப் பின் அளவு 140 மில்லிகிராமை எட்டினால் நோய் எனக் கொள்ளப்பட்டது. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதனையே ஏற்றது.

பேற்றுக்குப் பின் 6 வாரத்தில் செய்யவேண்டிய மறுபரிசோதனையே எளிதில் தவறிப்போகிறது. தலைப்பேறு தாய்வீட்டில் என்னும் வழக்கத்தால், அக்காலத்தில் பெண் கருப்பட்டி சேர்ந்த பேறுகால மருந்தை உண்டபடி, கர்ப்பகாலத்தில் தன்னைப் பதிந்த சுகாதார நிலையத்துக்கு அப்பால் இருக்கிறாள். சர்க்கரை நோய் தன்னிடம் தங்கிவிட்டதோ என்னும் அவளுடைய கவலை நியாயமானது. அதற்கு விடை தரும் அப்பரிசோதனை தாய்வீட்டு ஊரிலேயே அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்.