ஒரு முழங்காலும் டோக்கியோ டாக்டரும்

மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நான் எழுத்தாளன் இல்லை. பேஸ்கட்பால் டீமில் இருந்தவன், அவ்வளவுதான். ஆகவே என் வலது முழங்காலைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

1976, மூன்றாம் ஆண்டு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பந்தை எடுக்க எகிறி இறங்கினேன். கால் தரையில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. 'டக்'கென்று ஒரு சத்தம். எண்ணெய் போட்டு நீவினார்கள். "ஒண்ணுமில்லடா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். ஆகவில்லை. முட்டி பாதியில் பூட்டிக்கொள்ளும், நீட்ட வராது. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் முட்டியைத் திறந்து, கிழிந்த ஜவ்வை முழுசாக எடுத்தார்கள். ஆட்டம் அத்தோடு முடிந்தது. டாக்டர் மேல் குறை சொல்லமாட்டேன். அன்று பெரும்பாலான இடங்களில் அதுதான் வைத்தியம்.

அந்த ஜவ்வுக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இருக்கும் மெத்தை. அதை எடுத்தால் மூட்டு நாளடைவில் தேய்ந்து மாறுகிறது என்று ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய டாக்டர் 1948லேயே எழுதிவிட்டார். எனக்கு அது தெரிந்தது, என் மகள் பிசியோதெரபி படித்தபோது. அவள் புத்தகங்களைப் புரட்டியதில்தான் மசாகி வத்தனாபே என்ற பெயரும் கண்ணில் பட்டது.

அந்தக் கதை டோக்கியோவில் ஆரம்பிக்கிறது. கெஞ்சி தகாகி என்ற பேராசிரியர் 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய சீடர்தான் வத்தனாபே. குழாயைத் திருத்தித் திருத்தி, 21ஆவது மாடலில் அவருக்குத் திருப்தி வந்தது. நுனியில் குட்டி பல்பு. சில சமயம் மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடுமாம்! 1962இல் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு, முட்டியைத் திறக்காமல் இந்தக் குழாய் வழியே பார்த்து, கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். ஆறு வாரத்தில் பையன் மறுபடி ஆடினான். என்ன ஆட்டம் தெரியுமா? பேஸ்கட்பால்! படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்கு அடிபட 14 வருஷம் முன்னால் நடந்த விஷயம் இது.

வித்தையை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஜாக்சன். 1964 ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் டோக்கியோவுக்கு வந்த கனடா டாக்டர். வத்தனாபேயிடம் இதைக் கற்றார். பதிலுக்கு அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். மேல்நாட்டு டாக்டர்கள் பலர் முதலில் இதை நம்பவில்லை. 1984இல் ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்க ஓட்டக்காரிக்கு, ஒலிம்பிக் தேர்வு மாரத்தானுக்கு 17 நாள் முன்பு முழங்காலில் இதே முறையில் ஆபரேஷன் நடந்தது. தேர்விலும் ஜெயித்தார், ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம்.

கருவி வந்ததும் எல்லா முட்டியிலும் விட ஆரம்பித்தார்கள் என்பதும் உண்மை. வயதினால் தேய்ந்த ஜவ்வுக்கு இந்த ஆபரேஷன், செய்தது போல் பாவனை காட்டுவதைவிடப் பெரிதாக உதவவில்லை என்று 2013இல் ஃபின்லாந்து டாக்டர்கள் காட்டினார்கள். யாருக்குக் கத்தி, யாருக்கு வெறும் பயிற்சி என்று பிரித்துச் சொல்வதுதான் விளையாட்டு மருத்துவரின் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வருஷம் நம் கிரவுண்டில் ஒரு பெண் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருத்தன் எண்ணெய்ப் பாட்டிலோடு! "தொடாதேப்பா" என்று கத்தியேவிட்டேன். விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் முட்டியைத் தொடும் முன்பே கேள்விகளை ஆரம்பித்தார். "எப்படிம்மா விழுந்தே? சத்தம் கேட்டுச்சா? வீக்கம் உடனே வந்துச்சா, மறுநாளா?" உடனே குபுகுபுவென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது, பெரிய தசைநார் அறுந்திருக்கலாம்; மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸாக இருக்கலாம் என்று எனக்கு விளக்கினார். 1976இல் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல். வெட்டி எடுக்கவில்லை, தையல் போட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. இந்த சீசன் திரும்பவும் டீமில் இருக்கிறாள். "சார், மேட்சுக்கு வந்துடுங்க" என்றாள். கைத்தடியோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.