ரங்காரெட்டி மாவட்டத்தின் பள்ளித் தொண்டர்கள்

ஹைதராபாத்தின் கிழக்கே, ஹப்சிகுடாவைத் தாண்டினால் நாச்சாரம். தொழிற்பேட்டை, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, என்.டி. ராமாராவ் கட்டிய ராமகிருஷ்ணா ஸ்டுடியோ ஆகியவற்றால் அறியப்பட்ட பகுதி. பிழைப்புத் தேடி வரும் குடும்பங்கள் தங்குகிற இத்தகைய புறநகர்களில், வார இறுதியில் மென்பொருள் ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் நோட்டுப் புத்தகங்களோடு வந்து பாடம் சொல்லித்தருவது இன்று பழகிய காட்சி. அவர்களுடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழைக் குழந்தையின் கல்விக்குத் தொண்டர் செய்ய வேண்டியது எது, எந்த இடத்தில் அவர் விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வி இந்த மண்ணில் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2016 அக்டோபரில் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை நாச்சாரம் ரங்காரெட்டி மாவட்டத்தில் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பின் வரலாற்றில் உலகம் முழுதும் பேசப்பட்ட மாவட்டம் அது.

முதல் அத்தியாயம் நிஜாம் காலத்தது. 1888இல் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்த பாக்ய ரெட்டி வர்மா, 1906இல் ஜகன் மித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள், பள்ளி வாசலையே அறியாத பிள்ளைகளுக்காகத் தெலுங்கு வழியில் தொடக்கப் பள்ளிகளை நிறுவலானார். அரசின் மொழி உருதுவாக இருந்த ஊரில், தீண்டப்படாதோர் எனத் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிப்பது சிறிய செயலன்று. நன்கொடையும் ஊழியர்களின் உழைப்புமே முதல். 1930களின் தொடக்கத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை 26ஐ எட்டியது. பின்னர் நிஜாம் அரசு அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. சமூகத்தின் சொந்த முயற்சி அரசிடம் கரைந்துபோனதாக இதைக் கருதுவோர் உண்டு. அப்பிள்ளைகளின் கல்வி அரசின் கடமை என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணமாக வாசிப்பதே பொருத்தம். அதுவரை அது கருணையின் கணக்கில் இருந்தது.

இரண்டாம் அத்தியாயத்திற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர் மாமிடிப்பூடி வெங்கடரங்கய்யாவின் பெயரில் 1981இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் அவருடைய பேத்தி சாந்தா சின்ஹா. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியரான அவர், 1980களில் தொழிலாளர்களுக்கான சிரமிக் வித்யாபீடத்தின் வழியாக ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் கொத்தடிமைகளிடையே பணியாற்றினார். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டதாகச் சொன்னது; கிராமத்திலோ அது உயிரோடிருந்தது. பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பண்ணையாரின் மாடு மேய்த்தவர்களில் பலர் பள்ளி வயதுச் சிறுவர்கள். 1991 முதல் அறக்கட்டளை குழந்தைகளை மையமாக வைத்து இயங்கத் தொடங்கியது.

அன்றைய பொதுப் புத்தி வேறு திசையில் இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களை மட்டுமே தடை செய்து, ஏனையவற்றை ஒழுங்குபடுத்த முற்பட்டது. அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முறைசாராக் கல்வி மையங்களைப் பரிந்துரைத்தது. பகலெல்லாம் உழைத்துக் களைத்த பிள்ளை மாலையில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கூட்ட வேண்டும். வறுமை தீரும்வரை இதற்கு மேல் இயலாது என்பது அறிஞர் பலரின் முடிவு. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலை முன்னிட்டுத் தமிழ்நாட்டிலும் இதே வாதம் ஒலித்ததை நினைவிற்கொள்ளலாம்.

ரங்காரெட்டித் தொண்டர்கள் இந்த வாதத்தை முற்றாக மறுத்தனர். முழுநேரப் பள்ளியில் இல்லாத ஒவ்வொரு குழந்தையும் தொழிலாளர் குழந்தையே என வரையறுத்தனர். ஆடு மேய்ப்பவனும், தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு காக்கும் சிறுமியும் அந்தக் கணக்கில் வந்தனர். இவ்வரையறையில்தான் முழுப் போராட்டமும் அடங்கியிருந்தது. ஏனெனில் தொழிற்சாலை ஆய்வாளரின் பதிவேட்டில் வீட்டுச் சிறுமிக்கு இடமே இல்லை. பெண்பிள்ளைகளின் உழைப்பை வேலையென்று அழைக்கச் சமூகம் அன்றும் தயங்கியது, இன்றும் தயங்குகிறது.

தொண்டர்களில் பெரும்பாலோர் அதே கிராமங்களின் இளைஞர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றவர்கள். நகரத்திலிருந்து வந்த கனவான்கள் சொன்னால் எடுபடாத சொல் இவர்கள் வாயில் எடுபட்டது. வீடு வீடாகச் சென்று, எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெயர் பெயராகக் குறித்தனர். பண்ணையாரோடு பேசினர், ஊர்க்கூட்டம் கூட்டினர், தயங்கிய பெற்றோரிடம் மீண்டும் மீண்டும் சென்றனர். அங்கே அவர்கள் கண்டது பாடநூல் அறிவுக்கு மாறானது. கடும் வறுமையிலும் பிள்ளையைப் படிக்கவைக்க விரும்பாத பெற்றோர் அரிது. பள்ளியின் படிவம், தேதி, சான்றிதழ் ஆகியவற்றின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பியவர்களே அதிகம்.

பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஆறு வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் உட்காரவைத்தால் கூச்சத்திலேயே ஓடிவிடுவான். இதற்கு விடையாகப் பிறந்தவை தங்கிப் படிக்கும் இணைப்புப் பாட முகாம்கள். சில மாதங்களோ, ஓராண்டோ, தேவைப்பட்டால் அதற்கும் மேலோ அங்கே படித்த பிள்ளை, தன் வயதுக்குரிய வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டது. முகாம் ஒரு பாலம். அதில் எவரும் குடியிருக்கக் கூடாது என்பதில் அறக்கட்டளை கண்டிப்பாக இருந்தது. தனக்கென நிரந்தரப் பள்ளிகளைக் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டுவது எளிது. நன்கொடையாளருக்கும் அதுவே பிடிக்கும். அவர்களோ பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குள் நிரப்பினர். ஆசிரியர் போதவில்லை, அறை போதவில்லை என்ற குரல் அதன் பிறகு பெற்றோரிடமிருந்தே எழுந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் குழந்தைத் தொழிலுக்கு எதிராகத் தமக்கென ஒரு மன்றம் அமைத்தனர். 1999 அளவில் இப்பணி ஐந்நூறு கிராமங்களுக்குப் பரவியிருந்தது. 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2007இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை இந்தப் பின்னணியில் படிப்பவருக்கு அதன் சில பிரிவுகள் வேறுவிதமாக ஒலிக்கும். பிரிவு 4, பள்ளிக்குச் செல்லாத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. பிரிவு 5, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணங்காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 14, வயதுச் சான்று இல்லையென்பதற்காக மறுப்பதைத் தடுக்கிறது. பிரிவு 15, காலம் தாழ்ந்து வந்த பிள்ளைக்கும் கதவைத் திறக்கிறது. சட்டத்திற்குத் தந்தையர் பலர் என்பது உண்மையே. எனினும் பள்ளி வாசலில் ஏழைப் பெற்றோரைத் திருப்பியனுப்பிய ஒவ்வொரு தடைக்கும் எதிரே ஒரு வரி எழுதப்பட்டிருப்பதைக் காணாமல் இருக்க இயலாது.

இவ்வரலாற்றுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1990களின் இறுதியில் ஆந்திர அரசு ‘வித்யா வாலன்டியர்’ என்ற பெயரில் சொற்ப மதிப்பூதியத்திற்கு ஆட்களை அமர்த்தத் தொடங்கியது. முறையான ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, தொண்டர் என்ற சொல் மலிவான ஆசிரியரைக் குறிக்கலாயிற்று. அரசைக் கடமைக்கு இழுத்துவந்த சொல்லே அரசு கடமையிலிருந்து நழுவும் வழியுமாயிற்று. வார இறுதியில் ஆசிரியரில்லாத வகுப்பை நிரப்பும் இன்றைய இளைஞர்கள், அந்தக் காலியிடத்தைப் பற்றிக் கல்வி அலுவலகத்தில் ஒரு மனுவும் கொடுப்பார்களாயின் அவர்கள் பழைய மரபின் வாரிசுகள்.

நகரைச் சுற்றிய செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் புதிய கேள்வியை எழுப்புகின்றனர். தெலுங்கு அறியாத அவர்களுக்காகப் பணியிடத்திலேயே ஒடியா ஆசிரியரோடு பள்ளிகள் நடத்தப்பட்டன. அது பாலமா, மீண்டும் ஒரு தனி மையமா என்பது, பருவம் முடிந்து ஊர் திரும்பும் பிள்ளையின் பெயர் அங்கே எந்தப் பள்ளிப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கிடையே 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் அமர்த்துவதைத் தடை செய்த அத்திருத்தம், பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் அளித்தது. தம்பியைத் தூக்கி வைத்திருந்த சிறுமி மீண்டும் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.