அரசியல் பயின்ற மாணவர்களும் அதைத் தடுத்த சட்டமும்

கல்லூரி மாணவர்களுக்கு அரசியல் எதற்கு, படிப்பு போதாதா என்று கேட்கும் பெற்றோர் நம் சமுதாயத்தில் இன்றும் உண்டு. இக்கேள்விக்கு இந்த மண்ணில் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1953 பிப்ரவரியில் மாணவர்கள் சோசலிஸ்ட் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அதன் ஏட்டின் பெயர் ‘ஃபஜார்’. மலாய் மொழியில் விடியல் என்று பொருள். 1954 மே இதழில், ஆசியாவில் மேலை நாடுகள் அமைக்க முனைந்த இராணுவக் கூட்டணியைத் தலையங்கம் கண்டித்தது. பிரிட்டிஷ் ஆட்சி அதனை அரச நிந்தனை என்றது. மாணவர்கள் எட்டுப் பேர் கைதாயினர். அவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், அருட்சோதி ஆகியோரும் இருந்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கறிஞர் டி.என். பிரிட் வாதாட, இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ துணை நின்றார். ஆகஸ்ட் மாதம் எட்டுப் பேரும் விடுதலையாயினர். எதிர்வாதத்தைக் கேட்க வேண்டிய தேவையே நீதிபதிக்கு ஏற்படவில்லை.

பேச்சுரிமை என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாக அவர்களுக்குக் கற்பித்திருக்காது. மலாயாப் பொருளாதாரம் யார் கையில் இருந்தது என்பதைப் புதுச்சேரி பின்னர் சாங்கி சிறையில் இருந்தபடியே ஆராய்ந்து எழுதினார். அந்நூல் 1960-இல் வெளிவந்தது. ராஜகுமார் மருத்துவராகவும் தொழிலாளர் கட்சித் தலைவர்களில் ஒருவராகவும் விளங்கினார்.

சுதந்திரத்திற்குப் பிறகு நிலைமை மாறியது. 1971-இல் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் வட்டாரச் சிறு தோட்டக்காரர்கள் வறுமையில் வாடியபோது, 1974 டிசம்பரில் மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கைதாயினர். பாலை வெட்டிப் பிழைத்தவர்களுக்காகப் பட்டணத்து மாணவர்கள் தெருவில் இறங்கியது சிறிய செய்தியன்று. அதற்குக் கிடைத்த பதில், 1975-இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம்தான். கட்சியில் சேரக்கூடாது, கட்சியை ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு சொல்லும் கூடாது. ஒரு தலைமுறைக்கு மேல் மாணவர்கள் வாய் மூடியே பட்டம் பெற்றுச் சென்றனர்.

இந்தத் தடையின் முரண்பாடு 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது வெளிச்சத்திற்கு வந்தது. மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வரின் காரில் பிரச்சாரப் பொருட்கள் இருந்ததாகக் கூறி, அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த நால்வரும் பயின்ற துறை எது? அரசியல் அறிவியல்! தேர்தலைப் பாடமாகப் படிக்கலாம், களத்திற்குப் போய்ப் பார்க்கக்கூடாது என்றால், நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நால்வரும் பின்வாங்கவில்லை, நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்பின் பத்தாவது விதி தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் சிந்தனையாளர்களை வளர்க்க வேண்டுமேயன்றி, இயந்திர மனிதர்களை அல்ல என்ற கருத்தையும் நீதிபதி இஷாமுடின் யூனுஸ் பதிவு செய்தார்.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கட்சியில் சேர 2012-இல் அனுமதி கிடைத்தது. வளாகத்திற்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது. 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தத்தை, அவையில் இருந்த 211 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி ஆதரித்தனர். நடைமுறைக்கு வரத் தாமதமானபோது இளைஞர்களே வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர் நீதிமன்றம் அரசுக்குக் கெடு விதித்தது. டிசம்பர் 15-இல் திருத்தம் நடப்புக்கு வந்தது.

2022 மார்ச் 12-இல் ஜொகூர் மாநிலத் தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர்.