சிந்தனைப் பொழுதும் அசைவின் ஓட்டமும்: பாத்திரமேற்புக் கணினி விளையாட்டுகளின் சண்டையமைப்பும் பாரதக் கூத்தும்

பாத்திரமேற்புக் கணினி விளையாட்டுகளின் சண்டை இருவேறு மரபுகளிலிருந்து உருவானது. ஒன்று, மேசைமேல் சிற்றுருவப் படைகளை நிறுத்தி ஆடிய போர் விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் வழித்தோன்றல். அதில் வீரன் வாள் வீசுவதை எவரும் காண்பதில்லை. பகடை விழுகிறது, விதி தீர்ப்புச் சொல்கிறது. எண்ணித் துணியும் பொழுது முழுவதும் ஆடுபவருக்கே உரியது.

மற்றொன்று அசைவூட்டம். ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அப்படங்களைப் பார்த்து வரைந்து ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை (1989) உருவாக்கினார். வாட்சண்டைக்கு 1938ஆம் ஆண்டு ராபின் ஹூட் திரைப்படக் காட்சி உதவியது. இது பாத்திரமேற்பு வகையைச் சார்ந்ததன்று. எனினும் அவ்வகை பின்னர் எதிர்கொண்ட சிக்கலைத் தெளிவாகக் காட்டியது. தொடங்கிய அசைவு முடியும்வரை ஆடுபவரின் அடுத்த ஆணை காத்திருக்க வேண்டும். உருவத்தின் உடலுக்குக் கனம் கிடைத்தது; ஆடுபவரின் கைக்கு விரைவு குறைந்தது.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் பல. ‘ஃபைனல் ஃபேன்டசி 4’ (1991) ஆடுபவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எதிரி தாக்கும் முறையைக் கொணர்ந்தது. அதே வரிசையின் ஏழாம் விளையாட்டில் (1997) ஒரு மந்திரத் தாக்குதலின் காட்சி மட்டும் ஒரு நிமிடத்திற்கு மேல் நீளும். அதுவரை ஆடுபவர் வெறும் பார்வையாளர். ‘பால்டர்ஸ் கேட்’ (1998) ஆறு நொடிச் சுற்றுகளை உள்ளே மறைத்து, வெளியே தொடர்ச்சியான சண்டையைக் காட்டி, வேண்டும்போது நிறுத்திச் சிந்திக்க இடமளித்தது. அவ்வரிசையின் மூன்றாம் விளையாட்டோ (2023) முறைவைத்து ஆடும் பழைய அமைப்பிற்கே திரும்பிப் பெருவெற்றி கண்டது. தொழில்நுட்பம் வளர வளர முறைவைத்தல் மறையும் என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

போரை நிகழ்த்திக் காட்டும் கூத்திற்கும் இச்சிக்கல் உண்டு. பேரிகை, சூளகிரி, ஓசூர் எல்லைப்புறத்தை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நிலம். இம்மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் இரவுக் கூத்தும் பகற்படுகளமும் போரை இருவேறு விதமாக நிகழ்த்துகின்றன. கூத்தில் மரக்கட்டை அணிகளும் கிரீடமும் பூண்ட நடிகர் நெடுநேரம் விரைந்து பொருதல் அரிது. கர்ணனும் அருச்சுனனும் முறைவைத்தே மோதுகின்றனர்: ஒருவர் பாடி, அடவு வைத்துச் சுழன்று நிற்க, மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடுகிறார். காத்து நிற்றல் அங்கே குறையாகத் தோன்றுவதில்லை. தாளமும் பின்பாட்டும் இடைவெளியை நிரப்பிவிடுகின்றன.

படுகளம் இதற்கு மாறானது. மண்ணால் வனைந்த துரியோதனன் பேருருவம் தரையில் கிடக்க, வீமனும் துரியோதனனுமாக வேடமிட்டோர் அதனைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடுகின்றனர். ஆயினும் முடிவு ஓட்டத்தால் அமைவதன்று. தொடையில் அடித்தால்தான் வீழ்வான் என்னும் ஒரே விதியால் அமைவது. கண்ணன் குறிப்புக் காட்டும் கணத்தில் ஓட்டம் அடங்கி விதி வெளிப்படுகிறது. ‘பால்டர்ஸ் கேட்’ இடைநிறுத்தம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அங்கே ஆடுபவர் தனியே நிறுத்துகிறார். இங்கே முடிவை முன்பே அறிந்த ஊர் அக்குறிப்பிற்காகக் காத்து நிற்கிறது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி’ (2020) செயல்விளையாட்டு வகையினது. துர்க்கையும் திருமாலும் கதை சொல்ல, இடைக்காட்சிகள் நிழற்பாவை வடிவில் அமைந்துள்ளன. சண்டையமைப்போ மேலை விளையாட்டுகளின் நிகழ்நேர ஓட்டத்தையே பின்பற்றுகிறது. மரபுக்கலை அங்கே அலங்காரமாக நின்றதேயன்றி ஆட்டவிதியாகவில்லை. கூத்தின் உடலசைவை மட்டும் படம்பிடிக்கும் ஆவணமும் இக்குறைக்கே இடமளிக்கும். யார் முறை, எங்கே நிற்பது, எக்குறிப்பிற்குப் பின் அடி என்பவற்றைக் கூத்து வாத்தியாரிடமும் பின்பாட்டுக்காரரிடமும் கேட்டுத் தனியே பதிய வேண்டியுள்ளது.