ஒரு எம்எல்ஏ, இரண்டரை வருஷ அமைச்சர்: கேரள இடது முன்னணி பதவிகளைப் பிரித்தது எப்படி?

கேரளாவில் 2021 தேர்தலில் மொத்தமுள்ள 140 இடங்களில் 99-ஐப் பிடித்தது இடது ஜனநாயக முன்னணி. மே 20ஆம் தேதி பினராயி விஜயன் 2வது முறையாக முதல்வரானார். ஜெயித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அடுத்து வந்த கணக்கு அதைவிட சிக்கல்.

ஏன் 21 பேர் மட்டும்?

முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை, சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2003இல் வந்த 91வது அரசியல் சட்டத் திருத்தம் போட்ட வரம்பு இது. 140-க்கு 15 சதவீதம் என்றால் சரியாக 21. ஒரு நாற்காலி கூட எக்ஸ்ட்ரா போட முடியாது.

யாருக்கு எத்தனை?

சிபிஎம் 12, சிபிஐ 4. கேரள காங்கிரஸ் (எம்), மதச்சார்பற்ற ஜனதா தளம், தேசியவாத காங்கிரஸ் ஆகியவற்றுக்கு தலா 1. முல்லைப் பெரியாறு செய்திகளில் அடிக்கடி அடிபட்ட, அந்த அமைச்சரவையின் நீர்வளத்துறை அமைச்சர் ரோஷி அகஸ்டின், கேரள காங்கிரஸ் (எம்) ஆள்.

சிபிஎம் தன் பங்கில், பினராயியைத் தவிர முந்தைய அமைச்சர்கள் ஒருவரையும் மறுபடி சேர்க்கவில்லை. நிபா, கொரோனா காலத்தில் பேர் வாங்கிய கே.கே.ஷைலஜா, மட்டன்னூரில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும் அவருக்கு இடமில்லை. சுகாதாரத்துறை, முன்னாள் டிவி செய்தியாளர் வீணா ஜார்ஜுக்குப் போனது.

அந்த கடைசி 2 நாற்காலி

மிச்சம் இருந்தது 2. கேட்டு நின்றதோ தலா ஒரே எம்எல்ஏ வைத்திருந்த குட்டிக் கட்சிகள். அதனால் பதவிக்காலத்தையே பாதியாக வெட்டினார்கள். முதல் இரண்டரை வருஷம் ஜனநாயக கேரள காங்கிரஸின் ஆண்டனி ராஜுவும், இந்திய தேசிய லீக்கின் அகமது தேவர்கோவிலும். பிறகு கேரள காங்கிரஸ் (பி) கட்சியின் நடிகர் கணேஷ் குமாரும், காங்கிரஸ் (எஸ்) கடனப்பள்ளி ராமச்சந்திரனும். லோக்தாந்திரிக் ஜனதா தளத்துக்கும் ஒரு எம்எல்ஏ இருந்தார், அவருக்குப் பாதி கூட இல்லை.

சொன்னபடி 2023 டிசம்பரில் முதல் 2 பேரும் ராஜினாமா செய்தார்கள். 29ஆம் தேதி அடுத்த 2 பேர் பதவியேற்றார்கள். கூட்டணி அரசியலில் இப்படி சொன்ன சொல் காப்பாற்றப்படுவது கொஞ்சம் அபூர்வம்.

நாற்காலி கட்சிக்கு, இலாகா?

இங்கேதான் விஷயமே. எந்தக் கட்சிக்கு எத்தனை பதவி என்பது முன்னணியில் பேசி முடிவாகிறது. ஆனால் அமைச்சர்களை ஆளுநர் நியமிப்பது முதல்வரின் ஆலோசனைப்படி. இலாகா பிரிப்பதிலும் முதல்வர் சொல்வதுதான் நடக்கும்.

தேவர்கோவில் பார்த்த துறைமுகத்துறையை எடுத்துக்கொள்ளுங்க. விழிஞ்ஞம் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த நேரம். அந்தத் துறை கடனப்பள்ளிக்குப் போகவில்லை, சிபிஎம்மின் வி.என்.வாசவனுக்குப் போனது.

2024இல் தேசியவாத காங்கிரஸ், வனத்துறை அமைச்சர் சசீந்திரனை மாற்றி தாமஸ் கே.தாமஸை அமைச்சராக்கக் கேட்டது. முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. சசீந்திரனே தொடர்ந்தார்.

சிபிஎம்முக்கு உள்ளேயும் இதே கேள்வி வந்தது. தலித் தலைவர் கே.ராதாகிருஷ்ணன், பட்டியலின, பழங்குடியினர் நலத்தோடு தேவஸ்வம், சட்டமன்ற விவகாரத் துறைகளையும் வைத்திருந்தார். 2024இல் ஆலத்தூர் எம்பி ஆனதால் பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் மானந்தவாடி எம்எல்ஏ ஓ.ஆர்.கேளு, வயநாட்டின் குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்தவர். கேரளாவில் சிபிஎம் சார்பில் அமைச்சரான முதல் பழங்குடியினர் இவர்தான். ஆனால் தேவஸ்வம் வாசவனுக்கும், சட்டமன்ற விவகாரம் எம்.பி.ராஜேஷுக்கும் மாறின. பழங்குடி அமைச்சர் என்றால் நலத்துறை மட்டும்தானா என்று அப்போதே விமர்சனம் கிளம்பியது.