செங்கற்பட்டில் பார்த்த கணக்கு

1954-இல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி பதவியைத் துறந்திருந்த ராஜாஜி, அதற்கு அடுத்த ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் க்ஷயரோகத் தடுப்பாகப் போடப்பட்டுவந்த பி.சி.ஜி. ஊசியைத் தாம் எதிர்ப்பதன் காரணங்களை விளக்கி ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். கவர்னர் ஜெனரலாக இருந்து நாட்டின் தலைமைப் பொறுப்பை வகித்தவரும், ஒரு சொல்லைச் சொல்லுமுன் பத்து முறை யோசிப்பவர் என்று எதிரிகளாலும் ஒப்புக்கொள்ளப்பட்டவருமான ஒருவர், சர்க்காரும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்திய ஒரு பெரும் திட்டத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தது, டில்லியில் சுகாதார மந்திரியாக இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌருக்கும் அவருடைய ஆலோசகர்களுக்கும் எத்தகைய சங்கடத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இக்காலத்தில் அந்தப் பிரசுரத்தை நினைப்பவர் மிகச் சிலரே. கோவிட் தடுப்பூசியைப் பிள்ளைகளுக்குப் போடலாமா வேண்டாமா என்று 2021, 2022 ஆண்டுகளில் வீடுதோறும் நடந்த வாதப் பிரதிவாதங்களைக் கேட்டவர்களோ, அதே வினாக்கள் அதே நெஞ்சப் பதைப்போடு இதே சென்னையில் முன்னொரு முறை எழுப்பப்பட்டன என்பதை அறிந்திருந்தால், எவ்வளவோ தெளிவாகப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பி.சி.ஜி.யின் பூர்வோத்தரம் நீண்டது. பிரான்ஸ் தேசத்து லீல் நகரத்தில் இருந்த பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில், ஆல்பெர் கால்மெட் என்ற வைத்தியரும் காமில் கெராங் என்ற கால்நடை வைத்தியரும், பசுக்களுக்குக் க்ஷயம் உண்டாக்கும் கிருமியைப் பித்தநீரும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஊட்டத்தில் 1908-ஆம் ஆண்டு முதல் 13 வருஷம், 230 தலைமுறைகளுக்குக் குறையாமல் மாற்றி மாற்றி வளர்த்து, உயிர் இருந்தும் நோய் தரும் வலிமை ஒடுங்கிய ஒரு கிருமியைப் பெற்றார்கள். 1921-இல், பிரசவத்தையடுத்துத் தாய் க்ஷயத்தால் இறந்துபோன ஒரு பாரிஸ் நகரத்துச் சிசுவுக்கு அது முதன்முதலாக வாய்வழியே புகட்டப்பட்டது. நோய் கொண்டவர்களின் நடுவே வளர வேண்டியிருந்த அந்தச் சிசுவுக்கு மருந்தினால் வரக்கூடிய அபாயத்தைவிட வீட்டிலேயே காத்திருந்த அபாயம் பெரிது என்று வைத்தியர்கள் நிச்சயித்தார்கள். சிசுவின் பொருட்டு இத்தகைய நிறுப்பு நடந்த பிறகே இந்த மருந்து உலகத்துக்குள் அடியெடுத்து வைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1930-இல், ஜெர்மனியில் லூபெக் என்ற நகரத்தில் மகா கோரமான ஒரு விபத்து நேர்ந்தது. சுமார் 250 பச்சைக் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட மருந்தில், அதைத் தயாரித்த கூடத்தில் வைத்திருந்த வீரியமுள்ள க்ஷயக் கிருமி கலந்துவிட்டதால், 70-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. பிழை தடுப்பு மருந்தினுடையதன்று, கூடத்தின் கவனக் குறைவினுடையது என்று விசாரணையில் தெளிவாயிற்று; பொறுப்பான வைத்தியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எனினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வேற்றுமையால் என்ன ஆறுதல்? கால் நூற்றாண்டு கழிந்து சென்னையில் எழுந்த விவாதத்தின் மேலும் லூபெக்கின் நிழல் படிந்திருந்தது.

நம் நாட்டில் இவ்வியக்கம் 1948-இல் தொடங்கியது. கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் கூடம் அவ்வாண்டிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் ஐந்து லட்சம் பேர் க்ஷயத்தால் மடிகிறார்கள் என்று அப்போது நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. தாம்பரத்தைப் போன்ற சானடோரியங்களில் படுக்கை கிடைப்பதே பெரும் பாக்கியமாகக் கருதப்பட்டது. படுக்கைகளையும் வைத்தியர்களையும் பெருக்கப் பல ஆண்டுகளும் பல கோடி ரூபாயும் வேண்டும் என்னும் நிலையில், ஒரு சிறு ஊசியால் இளந்தலைமுறையைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் ஆட்சியாளரைக் கவர்ந்தது இயல்பே.

அந்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்தால் நடப்பது இதுதான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முதல் நாள் முன்கையில் தோலுக்குள் ட்யூபர்குலின் என்ற பரீக்ஷை ஊசியைப் போடுவார்கள். மூன்றாம் நாள் மறுபடி வந்து, ஊசி போட்ட இடத்தில் தடிப்பு எழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அளவுகோலை வைத்து அளப்பார்கள். தடித்திருந்தால் அப்பிள்ளையின் உடம்பு க்ஷயக் கிருமியை முன்பே சந்தித்துவிட்டது என்று பொருள். அவனுக்குத் தடுப்பூசி இல்லை, அனுப்பிவிடுவார்கள். தடிப்பு இல்லாதவனுக்கே, பனிக்கட்டியில் வைத்து வெயில் படாமல் கொண்டுவந்த மருந்தை இடது மேற்கையில் தோலின் மேலடுக்குக்குள் மெல்லச் செலுத்துவார்கள். பயற்றளவு ஒரு கொப்புளம் வெளுத்து எழுந்து சிறிது நேரத்தில் அடங்கும். இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் அவ்விடம் சிவந்து பருத்து, உடைந்து, சீழ் கண்டு, இரண்டு மாதம் மூன்று மாதம் ஆறாமல் இருந்து, பிறகு தழும்பாகும். ஊசி போட்டவர்களோ அதற்குள் எங்கோ ஒரு ஜில்லாவுக்குப் போயிருப்பார்கள். ஆரோக்கியமாக விளையாடிக்கொண்டிருந்த மகனின் கையில் வாரக்கணக்காகப் புண் ஆறாமல் இருப்பதைக் காணும் தாய்க்கு, 'இது இயல்பு, பயப்படாதே' என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. எதிர்ப்பு எங்கிருந்து பலம் பெற்றது என்று ஆராய்கிறவர்கள் இந்த எளிய விஷயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பை முதலில் தொடங்கியவர் ராஜாஜி அல்லர். சுகாதாரப் பொறியியல் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஏ. வி. ராமன் என்பவர், திட்டம் தொடங்கிய காலத்திலேயே சென்னையில் அதைக் கண்டித்து இடைவிடாமல் எழுதி வந்தார். நல்ல குடிநீர், வடிகால், காற்றோட்டமான வீடு, வயிறு நிறைந்த உணவு ஆகியவற்றால் ஒழிய வேண்டிய நோயை ஊசியால் ஒழிக்கப் புறப்படுவது தவறான பாதை என்பது, குழாயும் வாய்க்காலும் கட்டிப் பழகிய அந்த மனிதரின் உறுதியான கொள்கை. ராஜாஜியின் ஆட்சேபங்களோ வேறொரு தளத்தில் நின்றன. உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் ஏற்றும் முன் அதன் பலன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், மேனாடுகளிலேயே நிபுணர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருக்கும் ஒரு விஷயத்தை நம் ஏழைக் குழந்தைகள் மேல் பெருவாரியாகப் பிரயோகிப்பது நியாயமன்று என்று அவர் வாதித்தார்.

இந்த வாதத்தில் ஒரு பகுதி பிழை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பி.சி.ஜி. கிருமி மீண்டும் வீரியம் பெற்றுக் குழந்தைகளைக் கொன்றுவிடும் என்று எதிர்ப்பாளர்கள் பரப்பிய அச்சத்துக்கு ஆதாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நூறு ஆண்டுகளில் கோடானுகோடிக் குழந்தைகள் அதைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் 'பலன் எவ்வளவு, அதை எங்கே அளந்தீர்கள்?' என்ற வினா இருக்கிறதே, அதற்கு அன்றைய சர்க்காரிடம் நேர்மையான விடை இல்லை என்பதே என் துணிபு. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு 1950-இல் தொடங்கிய பரிசோதனையின் முதல் முடிவு 1956-இல் வெளிவந்தபோது, ஊசி பெற்றவர்களிடம் நோய் ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருப்பதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் தென் மாகாணங்களாகிய ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் நடந்த ஆராய்ச்சிகளிலோ பயன் மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. ஓரிடத்தில் கேடயமாக நின்ற மருந்து மற்றோரிடத்தில் ஏன் தளர்ந்தது என்று எவருக்கும் விளங்கவில்லை. அப்படியிருக்க, இந்தியாவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்தியாவில் அளந்தாலன்றி அறிய வழி இல்லை.

அந்த அளவீடு நடந்தது சென்னைக்கு அடுத்த செங்கற்பட்டு மாவட்டத்தில். 1968-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சியை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் துணையோடும் நடத்தியது. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை சுமார் 2,60,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். எவருக்கு எது போயிற்று என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு குறித்த கால இடைவெளிகளில் ஊர் ஊராகச் சென்று மார்பை எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, யாருக்கு நோய் கண்டது என்று 15 ஆண்டுகள் தொடர்ந்து பதிந்தார்கள். ஏர் பிடிப்பவரும் நாற்று நடுபவரும் வேலையை விட்டுவிட்டு, தமக்கு ஒரு லாபமும் வாக்களிக்கப்படாத ஒரு காரியத்துக்காக எக்ஸ்ரே வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். விஞ்ஞான சரித்திரத்தில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க பொதுஜன ஒத்துழைப்பு அதிகம் இல்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்திலிருந்து, அதாவது சளி வழியே பிறருக்குத் தொற்றும் அந்த வகையிலிருந்து, பி.சி.ஜி. பாதுகாப்பு அளிக்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கு முடிந்தபோதும் தீர்ப்பு மாறவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே நிறைந்திருக்கும் க்ஷயக் கிருமியின் தாயாதிகள் சிறு வயதிலேயே உடம்பில் புகுந்து ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கிவிடுவதால் ஊசியின் தனிப் பயன் மறைந்துவிடுகிறது என்பது நிபுணர்கள் கூறும் காரணங்களில் ஒன்று.

ராஜாஜி சொன்னதே சரியாகிவிட்டது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவாருண்டு. அது அவசர முடிவு. செங்கற்பட்டு ஆராய்ச்சி பெரும்பாலும் அளந்தது பெரியவர்களின் நோயை. சிசுக்களின் மூளை உறையைத் தாக்கும் க்ஷயமும், உடம்பெங்கும் தினையளவாகப் பரவும் க்ஷயமும் வேறு ரகம். தாக்கினால் பெரும்பாலும் கொல்லும், பிழைத்தாலும் கண்ணையோ காதையோ அறிவையோ பறித்துவிடும். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. இவ்விரண்டையும் பெருமளவு தடுக்கிறது என்பது வேறு பல ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டது. ஆகவே சர்க்கார் ஊசியைக் கைவிடாமல், அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரசவ அறைக்கு மாற்றியது. க்ஷயம் அருகிப்போன ஸ்வீடன் 1975-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை நிறுத்தியது, பிரிட்டன் 2005-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவதை நிறுத்தியது, எச்.ஐ.வி. தொற்றிய சிசுக்களுக்கு அதுவே அபாயமாகும் என்று கண்டு, அவர்களுக்குப் போட வேண்டாம் என்று 2007-இல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. மருந்து ஒன்றே, வயதும் நாடும் உடல்நிலையும் மாறினால் தராசு முள் வேறு பக்கம் சாய்கிறது.

கோவிட் காலத்தில் நடந்ததும் இதுவே. அந்த நோய் முதியவர்களைக் கொன்ற அளவில் பிள்ளைகளைத் தாக்கவில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்குத் தொற்று நீங்கிச் சில வாரங்களில் உடலுறுப்புகள் பலவும் ஒருங்கே அழற்சி கொள்ளும் கடும் உபாதை நேர்ந்தது. மேனாடுகளில் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. ஊசியோ, மிகச் சிலருக்கு, அதிலும் இளைஞர்களுக்கு இரண்டாம் தவணைக்குப் பின், இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் விரைவில் குணமடைந்தார்கள். பிரிட்டனில் 12 முதல் 15 வயது வரையுள்ள ஆரோக்கியமான பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த நிபுணர் குழு, 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி, உடல்நலத்தை மட்டும் கருதினால் லாபம் சிறிது அதிகமே, ஆயினும் எல்லோருக்கும் போடச் சொல்லும் அளவுக்கு அது பெரிதன்று என்று அறிவித்தது. பத்து நாள் கழித்துத் தலைமை மருத்துவ அதிகாரிகள் படிப்பு தடைப்படும் நஷ்டத்தையும் தட்டில் சேர்த்து நிறுத்து, ஒரு தவணை போடலாம் என்றார்கள். இரு தரப்பும் தங்கள் காரணங்களை மக்கள் முன் வைத்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இங்கே 2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கோவாக்சினும், மார்ச் 16 முதல் 12 வயது நிரம்பியவர்களுக்குக் கோர்பிவாக்ஸும் போடப்பட்டன, இவை எம்.ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தவை அல்ல. அதற்கு முன்பே, 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நாடெங்கும் நடந்த ரத்தப் பரிசோதனையில், 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினரும், 10 முதல் 17 வயது வரை 61.6 சதவீதத்தினரும் கிருமியை ஏற்கெனவே சந்தித்துவிட்டதாகத் தெரிந்தது. பழைய நாளில் முன்கைத் தடிப்பை அளந்து பிள்ளைகளைப் பிரித்தார்களே, அப்படிப் பிரிக்கும் வழக்கம் இம்முறை இல்லை. முன்பே தொற்றுக் கண்ட பிள்ளைக்கு ஊசியால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு. ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு அது அதிகம். இவ்வேற்றுமைகளைப் பெற்றோரிடம் விரித்துச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடம் குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

செங்கற்பட்டுக் கிராமத்தார் 15 ஆண்டுகள் கைநீட்டி, மார்பு காட்டி ஈட்டித் தந்த உண்மையை உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்; அந்த ஊர்களின் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள், தங்கள் பாட்டனும் பாட்டியும் செய்த காரியம் இன்னதென்று அறியார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில், தடுப்பு மருந்துகளைப் பற்றிய பாடத்தில், ஜென்னருக்கும் பாஸ்டருக்கும் அடுத்தபடியாக இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கல்வித் துறையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.